3.47 எங்கிருந்து வந்தது?

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பேசுகிறேன். நடுவில் செம்பனைக் குலை லோரி போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன், அதன் எண்களைச் சோதிக்கும் கருவிகளில் போட்டுப் பார்த்தேன். எழுத்துப்பிழை பார்க்கும் கருவிகள் இல்லை இவை. முதலில் 'கிரிம்'. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர் 2016இல் கொண்டுவந்த சோதனை. கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

என் ஆய்வில் 28 தோட்டத் தொழிலாளர்கள். ஒரு கேள்விக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், சராசரி 3.47 என்று எழுதியிருந்தேன். எல்லாரும் முழு எண்தானே கொடுத்தார்கள்? மொத்தம் 97 வந்தால் சராசரி 3.46. 98 வந்தால் 3.50. நடுவில் 3.47க்கு இடமே இல்லை! எனக்கு வேர்த்துவிட்டது.

படிவங்களைக் கொட்டி எண்ணினேன். முதலில் 30 பேர் இருந்தார்கள். 104ஐ 30ஆல் வகுத்தால் 3.47. இரண்டு பேர் பிறகு விலகிவிட்டார்கள். ஆள் கணக்கைத் திருத்திய நான் சராசரியைத் திருத்தவில்லை. அவ்வளவுதான் கதை. (ஆள் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் இரண்டு தசம இடச் சராசரியில் இந்தச் சோதனை பல்லிளிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்தது 'ஸ்டாட்செக்'. நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கியது. நீங்கள் எழுதிய புள்ளியியல் முடிவை வைத்து பி-மதிப்பை (உண்மையில் எந்த விளைவும் இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) அதுவே மறுபடி கணக்கிடும். 1985 முதல் 2013 வரை வந்த உளவியல் கட்டுரைகளில் அவர்கள் இதை ஓட்டியபோது, ஏறக்குறைய பாதிக் கட்டுரைகளில் ஒரு எண்ணாவது பொருந்தவில்லை. எட்டில் ஒன்றில் முடிவே மாறக்கூடிய அளவுக்குப் பிசகு. ஆனால் உளவியல்காரர்களின் வழக்கமான வடிவத்தில் எழுதியிருந்தால்தான் அது படிக்கும். என் அட்டவணைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணை விட்டுவிட்டு, கட்டுரையில் விநோதமான வார்த்தைகளைத் தேடும் கருவியும் உண்டு. பிரான்ஸ் கணினி ஆய்வாளர் கியோம் கபனாக் குழு 2021இல் வெளிக்கொண்டுவந்த விஷயம் இது: திருடிய பத்தியைப் பொருள்மாற்று மென்பொருளில் போட்டு எடுப்பார்கள், அதில் 'செயற்கை நுண்ணறிவு' 'போலிப் பிரக்ஞை' ஆகிவிடும், 'மார்பகப் புற்றுநோய்' 'நெஞ்சு அபாயம்' ஆகிவிடும். சிரிப்பு வருகிறது, ஆனால் அச்சேறிய கட்டுரைகளில் இருந்தவை இவை.

எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தார். ரப்பர் பாலில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டுப் பார்ப்பாராம். தண்ணீர் சேர்ந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். மழைத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று மட்டும் சொல்லாது. அதை அவர்தான் பால் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். என் 3.47 மழைத் தண்ணீர், தெரியாமல் கலந்தது. வேறொருவருடைய கட்டுரையில் அதே எண் வந்திருந்தால், கருவி அடித்த சிவப்புக் கோட்டைப் பார்த்து நானே 'திருடன்' என்று பதிவு போட்டிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

இன்னொன்று: அச்சாகாத கட்டுரையைக் கண்ட இணையதளத்தில் ஏற்றாதீர்கள். ஸ்டாட்செக்கை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், காசு இல்லை.

சரி, லோரி வந்துவிட்டது. எனக்கு இன்னும் மூன்றாவது அட்டவணையைக் கையால் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.