இவருக்கு இது எப்படித் தெரியும்? அபுனைவு நூல் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

[திரை: மேசைமேல் மூன்று புத்தகங்கள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், கற்பூர மரங்கள்.]

மேசையில மூணு புத்தகம் இருக்கு. ஒண்ணு நீலகிரி வரலாறு, ஒண்ணு மலை மூலிகை, இன்னொண்ணு உருளைக்கிழங்கு சாகுபடி. நாவல் சரியில்லைன்னா ரெண்டு ராத்திரி வீண், அவ்வளவுதான். அபுனைவு, அதாவது கதையா இல்லாம நிஜ விஷயத்தைச் சொல்ற நூல், அப்படி இல்ல. அதுல இருக்கிறதை நம்பி மருந்து குடிப்போம், விதைக்கிழங்கு வாங்குவோம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதிக் கொடுப்போம். அதனால கடையில நின்னபடியே, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரு கேள்வி கேட்டுடணும். இதை எழுதினவருக்கு இது எப்படித் தெரியும்?

பதில் அட்டையில இருக்காது. பின்னட்டை வாசகம் பதிப்பகம் விக்கிறதுக்காக எழுதுறது. அணிந்துரை நண்பர் எழுதுறது. அணிந்துரையில குறை சொன்னவரை நாங்க இன்னும் பார்க்கலை. ரெண்டையும் தாண்டி உள்ளே போயிடலாம்.

[திரை: விரல் பொருளடக்கத்தில் இறங்குகிறது. "மலை ரயில்" என்ற தலைப்பில் நிற்கிறது.]

முதல்ல, உங்களுக்கு ஏற்கெனவே நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேடுங்க. தெரியாததைப் படிக்கத்தானே புத்தகம் வாங்குறோம்னு தோணும். ஆனா தெரியாத பக்கத்துல அவர் என்ன சொன்னாலும் சரின்னுதான் படும். தெரிஞ்ச பக்கத்துலதான் ஆளை எடை போட முடியும்.

குன்னூர்க்காரங்களுக்கு ரயில் போதும். மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899-ல திறந்தது, ஊட்டி வரைக்கும் நீண்டது 1908-ல. யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது 2005. செங்குத்து ஏத்தத்துல வண்டி பிடிச்சு ஏற உதவுற பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைக்கும்தான், அதுக்கு மேல கிடையாது. இப்ப புத்தகத்துல வர்ற தப்பு எந்த ரகம்னு பாருங்க. 1908-ன்னு இருக்க வேண்டிய இடத்துல 1980-ன்னு இருந்தா அது அச்சுக்கோர்ப்புல வந்த பிழை, மன்னிச்சுடலாம். "யுனெஸ்கோ அங்கீகாரம் 1999" அப்படின்னு இருந்தா வேற கதை. 1999-ல பட்டியல்ல ஏறினது டார்ஜிலிங் ரயில். ரெண்டையும் குழப்பின எங்கேயோ இருந்து இவர் எடுத்து எழுதியிருக்கார், மூலத்தைப் பார்க்கலை. "மேட்டுப்பாளையத்தில் தொடங்கி உதகமண்டலம் வரை பல்சக்கரத்தின் உதவியால்" அப்படின்னு வந்தா இன்னும் மோசம். அவர் அந்த ரயில்ல போனதும் இல்ல, போனவங்களைக் கேட்டதும் இல்ல.

கொடைக்கானல் பக்கம் இருக்கிறவங்க குறிஞ்சியை வெச்சுப் பார்க்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கிறது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானாங்கிற ஒரு இனம். 2006, 2018, அடுத்தது 2030. அதே குடும்பத்துல வேற இனங்கள் நிறைய உண்டு, அதுங்களுக்கு வேற வேற கணக்கு. "குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்" அப்படின்னு பொத்தாம்பொதுவா எழுதிட்டுப் போறவர், செடியைப் பத்தி எழுதுற மத்த வரிகளையும் அதே வேகத்துலதான் எழுதியிருப்பார்.

[திரை: ஒரு வரி பெரிதாகத் தெரிகிறது. "நீலகிரியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன்." 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லின் கீழ் கோடு.]

இந்த வரி எத்தனையோ புத்தகத்துல வருது. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் 1819-ல மலை ஏறினார், அது சரி. அதுக்கு முந்தின வருஷமே விஷ், கிண்டர்ஸ்லி அப்படின்னு ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் ஏறியிருக்காங்க. 1603-ல மலபார்ப் பக்கத்துல இருந்து ஃபெனிசியோங்கிற ஏசு சபைப் பாதிரியார் வந்து, தோடர்ங்கிற மலைப் பழங்குடி மக்களைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். அதுக்கும் முன்னாடி, 1117-ஆம் வருஷத்து ஹொய்சளக் கல்வெட்டுல தோடரும் வர்றாங்க, நீலமலையும் வருது. மக்கள் வாழ்ந்துக்கிட்டிருந்த மலையை 1819-ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாதம் பண்றதுக்காக இதைச் சொல்லலை. "கண்டுபிடித்தவர்" ஒருத்தர் எழுதினதுல இருந்து இன்னொருத்தர் வாங்கி, அவர்கிட்ட இருந்து இன்னொருத்தர் வாங்கின சொல். யோசிச்சு எழுதுறவர் "சல்லிவன் 1819-ல் வந்தார், அதன் பிறகே ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியது" அப்படின்னு எழுதுவார். நாலு சொல் கூடுதல். அந்த நாலு சொல்லுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

[திரை: பழைய நூலகத்தின் மர அலமாரி. பழுப்பேறிய கனத்த புத்தகம் ஒன்று.]

அடுத்தது படிப்பு. பேருக்கு முன்னாடி டாக்டர், முனைவர், பேராசிரியர்னு இருந்தா உடனே நம்பிடுறோம். எதுல முனைவர்னு கேக்கிறதில்ல. இயற்பியல்ல பட்டம் வாங்கினவர் மூலிகை பத்தி எழுதினா, அந்தப் பட்டம் அந்தப் புத்தகத்துக்கு ஒண்ணும் சேர்க்காது. அதுக்காகப் பட்டம் இல்லாதவரைத் தள்ளவும் கூடாது. இதுக்கு நீலகிரியிலேயே நல்ல உதாரணம் இருக்கு.

தோடர்களைப் பத்தி 1906-ல டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். படிச்சது மருத்துவம், கேம்பிரிட்ஜ்ல பாடம் நடத்தினது உளவியல். மானிடவியல்ல பட்டம் கிடையாது. 1901–02-ல வந்து, சில மாசம் மட்டும் இங்க இருந்தார். மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளரை வெச்சுத்தான் பேசினார். இவ்வளவையும் வெச்சுப் பார்த்தா ஒதுக்கிட வேண்டிய புத்தகம். ஆனா நூறு வருஷம் தாண்டியும் தோடர்களைப் பத்தி எழுதுறவங்க அதைத் தொடாம போக முடியலை. ஏன்?

புத்தகத்தோட தொடக்கத்துலேயே எப்படித் தகவல் சேர்த்தேன்னு விவரமா எழுதியிருக்கார். யார் மொழிபெயர்த்தாங்க, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட எப்படிச் சரிபார்த்தார், எல்லாம் இருக்கு. குடும்பம் குடும்பமா வம்சாவளி அட்டவணை போட்டு, கல்யாணம் பத்திச் சொல்ற ஒவ்வொண்ணையும் அதோட ஒத்துப் பார்த்திருக்கார். புனிதமான சடங்குகளைச் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்ததால மத்தவங்க வாயைத் திறக்க மறுத்துட்டாங்க, அதனால அந்தப் பகுதி குறையா நின்னு போச்சுன்னும் அவரே எழுதி வெச்சிருக்கார். எனக்குத் தெரிஞ்சது இது வரைக்கும்தான்னு கோடு போட்டுக் காட்டுறவரை நம்பலாம்.

அப்படியும் ஒரு பெரிய விஷயம் அவருக்குத் தப்பிப் போச்சு. 1930-களில் மொழி ஆராய்ச்சிக்கு வந்த எம். பி. எமனோ, தோடர்களுக்குத் தந்தைவழிக் குலம் மட்டுமில்ல, தாய்வழிக் குலமும் தனியா உண்டு, கல்யாணத்துக்கு ரெண்டையும் பார்ப்பாங்கன்னு 1937-ல எழுதிக் காட்டினார். ரிவர்ஸ் பிடிச்சது தந்தைவழியை மட்டும்தான்.

இதுல கடைக்குப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம் இருக்கு. நல்ல ஆசிரியர்கிட்டயும் ஓட்டை இருக்கும், ஆனா அவர் வேலை செஞ்ச விதத்தைத் திறந்து வெச்சிருந்தா பின்னால வர்றவர் ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்க முடியும். ரெண்டாவது, தோடர்களைப் பத்தி இன்னைக்கு ஒருத்தர் புதுசா எழுதின புத்தகத்தை எடுத்தா, துணைநூற்பட்டியலைத் திறங்க. ரிவர்ஸ் பேர் மட்டும் இருந்து எமனோ பேர் இல்லைன்னா, அவர் 1906-லேயே நின்னுட்டார். வேற எந்தத் துறைக்கும் இது பொருந்தும். பட்டியல்ல இருக்கிற கடைசி ஆண்டு எதுன்னு பாருங்க. 2024-ல வந்த புத்தகத்துல 1985-க்குப் பிறகு ஒரு நூலும் இல்லைன்னா, அட்டைதான் புதுசு.

துணைநூற்பட்டியலே இல்லைன்னா? எளிய வாசகருக்கு எழுதின சின்னப் புத்தகத்துல அது இல்லாம இருக்கலாம். அப்ப வரிகளுக்குள்ளேயே ஆதாரம் இருக்கான்னு தேடுங்க.

[திரை: இரண்டு மாதிரி வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று.]

"தோடர்கள் சுமேரியாவிலிருந்து வந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட உண்மை."

"தோடர்களுக்குச் சுமேரியத் தொடர்பு உண்டென்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது தென்திராவிட மொழி. தமிழுக்கு உறவான மொழி."

முதல் வரியில "ஆய்வாளர்கள்" வர்றாங்க, ஆனா ஒருத்தருக்கும் பேர் இல்ல. ரெண்டாவது வரி, எதிர்க்கருத்தையும் சொல்லி, அதைச் சோதிக்க நமக்கு ஒரு வழியும் கொடுக்குது. "என்கிறது அறிவியல்", "ஆராய்ச்சிகள் நிரூபித்துள்ளன" இதெல்லாம் ஒரே பக்கத்துல மூணு தடவை வந்தா புத்தகத்தை மூடிடலாம்.

[திரை: மூலிகைப் புத்தகம். பக்கத்தில் ஒரு சிறு தைலப் புட்டி.]

மூலிகைப் புத்தகத்துக்கு வருவோம். இங்கதான் தப்பு உடம்புல இறங்கும். "கற்பூர மர இலையை" அப்படின்னு ஒரு குறிப்பு ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்குங்க. நீலகிரியில கற்பூர மரம்னா யூகலிப்டஸ், நீலகிரித் தைலம் எடுக்கிற மரம். ஆனா உண்மையான கற்பூரம் வர்றது சின்னமோமம் கேம்போராங்கிற மரத்துல இருந்து. இலையும் வேற, சத்தும் வேற. கீழ்நாட்டுல உக்காந்து எழுதினவர் எதைச் சொல்றார், மலையில படிக்கிறவர் எதைப் பறிப்பார்? செடியோட தாவரவியல் பேரைத் தமிழ் எழுத்துலயாவது கொடுக்காத மூலிகைப் புத்தகத்தை, படம் எவ்வளவு அழகா இருந்தாலும், வாங்காதீங்க.

அடுத்து மூணு இடத்தைப் பாருங்க: எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்குக் கூடாது. மூணாவதுதான் முக்கியம். யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். தைலத்தைப் பத்தி நாலு பக்கம் எழுதி, உள்ளுக்குக் கொடுக்காதீங்கன்னு ஒரு வரி இல்லைன்னா, அந்த ஆசிரியர் நோயாளியைப் பார்த்தவரே இல்ல. "பக்கவிளைவே இல்லாதது" அப்படின்னு ஒரு மருந்தைப் பத்தி எழுதியிருந்தாலும் அதே முடிவுதான்.

எழுதினவர் தன்னை மருத்துவர்னு சொன்னா சரிபார்க்க முடியும். அலோபதிக்காரர்னா தேசிய மருத்துவ ஆணையத்தோட இணையதளத்துல இருக்கிற பதிவேட்டுல பேரைப் போட்டுத் தேடலாம். சித்த மருத்துவர்னா அவங்களுக்குத் தனி மருத்துவ மன்றமும் பதிவு எண்ணும் உண்டு. முனைவர்னு சொன்னா சோத்கங்காங்கிற இணையக் களஞ்சியத்துல ஆய்வேட்டையே எடுத்துப் படிக்கலாம், இலவசம். பேர் அங்க இல்லைன்னு உடனே போலின்னு முடிவு கட்டிடாதீங்க. ஆய்வேட்டை இணையத்துக்குக் கொடுக்கணும்னு பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டதே 2009-லதான், பழசு பலது ஏறலை. மதிப்புறு முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடே கிடையாது, அது விருது மாதிரி.

[திரை: தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். சிறிய எழுத்துகள்.]

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினா பின்னால சின்ன எழுத்துல பதிப்பு விவரம் இருக்கும். முதல் பதிப்பு எந்த ஆண்டுன்னு பாருங்க. "எட்டாம் பதிப்பு 2023" அப்படின்னு பெருசா போட்டு, முதல் பதிப்பு 1978-ன்னு கீழ இருக்கும். மறுபதிப்புன்னா அதே பக்கங்களைத் திரும்ப அச்சடிச்சது. திருத்திய பதிப்புன்னா ஆசிரியர் உள்ள கை வெச்சிருக்கார், என்ன திருத்தினார்னு அந்தப் பதிப்போட முன்னுரையில சொல்லியிருக்கணும். மொழிபெயர்ப்புன்னா மூல நூலோட பேரும் ஆண்டும் அங்க இருக்கணும்.

ஐஎஸ்பிஎன் எண்ணைக் காட்டி ஏமாத்துறதும் நடக்குது. 978-81, 978-93-ன்னு ஆரம்பிக்கிற அந்தப் பதிமூணு இலக்கம் இந்தியாவுல வாங்கின அடையாள எண், அவ்வளவுதான். தானே பதிப்பிக்கிற யாரும் விண்ணப்பிச்சு இலவசமா வாங்கலாம். உள்ள இருக்கிறதை யாரும் படிச்சுப் பார்த்துக் கொடுக்கிறதில்ல.

[திரை: உருளைக்கிழங்கு வயல், படிக்கட்டு நிலம். மேசையில் மூன்றாவது புத்தகம்.]

கடைசிப் புத்தகம், உருளைக்கிழங்கு. ஆசிரியர் வேளாண் பட்டதாரி, முப்பது வருஷம் வயல்ல வேலை பார்த்தவர், ஒவ்வொரு அளவுக்கும் எந்த நிலத்துல, எந்த ரகத்துலன்னு எழுதியிருக்கார்னு வெச்சுக்குவோம். நம்பகமான ஆள். ஆனா நமக்கு ஆகுமா?

பருவம்னு இருக்கிற அதிகாரத்தைத் திறங்க. மலையில உருளை போடுற நீர்போகம், கார்போகம், கடைபோகம்னு மூணு பருவமும் இருக்கா? ஒரே பருவம்தான் போட்டிருந்தா அது சமவெளிக் கணக்கு. பிறகு நோய், பூச்சி அதிகாரத்துல நூற்புழுவைத் தேடுங்க. கிழங்குச் செடியோட வேர்ல கூடு கட்டுற அந்தப் புழு நீலகிரியில இருக்கிறது 1961-ல தெரிய வந்தது. கூடு மண்ணுக்குள்ள பல வருஷம் சாகாம கிடக்கும், அதனாலதான் பயிரை மாத்தி மாத்திப் போடுறதும், எதிர்ப்பு ரகம் தேடுறதும், விதைக்கிழங்கு எங்க இருந்து வந்ததுன்னு விசாரிக்கிறதும் இங்க இவ்வளவு முக்கியம். கோலார் பக்கம் இருந்து எழுதினவருக்கு அது அரைப் பக்கச் சமாச்சாரமா இருக்கலாம். ஊட்டி பக்கம் முத்தோரையில உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெச்சிருக்கிற மலைக்கு அரைப் பக்கம் பத்தாது.

நூற்புழுவைப் பத்தி அரைப் பக்கம்தான்னா புத்தகத்தை வாங்குங்க, தப்பில்ல. ஓசூர் பக்கம் உருளை போடுற மச்சானுக்குக் கொடுத்துடலாம்.