பெட்டி விற்றவர் ஒருவர், லாபம் பார்த்தவர் வேறொருவர்

அவையோருக்கு வணக்கம். சேலத்தில் தொழில் தொடங்கும் எண்ணத்தோடு இத்தனை இளைஞர்கள் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கம்ப்யூட்டர் வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஒரு பொருளில் பத்துப் பேருக்குப் பங்கு இருந்தால், லாபம் யார் கையில் தங்கும்?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஆரம்ப விலை 1,565 டாலர். சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்று பெரும்பாலான பாகங்களை வெளியிலிருந்து வாங்கினார்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இன்டெலுடையது. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டுடையது. அதே இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம்முக்குச் சொந்தமாக மிஞ்சியது, கம்ப்யூட்டரைப் போட்டதும் பாகங்களை எழுப்பி இயக்கிவிடும் பயாஸ் என்ற சிறிய நிரல்தான். அது என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் வைத்து, மூல நிரலைத் தொடாமல், சட்டத்துக்கு உட்பட்டே புதிதாக எழுதிவிட்டது 1982இல் தொடங்கிய காம்பேக். சில ஆண்டுகளில் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட பயாஸை, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அதற்குப் பிறகு திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தலாம் என்றாகிவிட்டது.

1987இல் பிஎஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்து கடிவாளத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தது ஐபிஎம். போட்டியாளர்கள் ஒன்பது பேர் சேர்ந்து மறு ஆண்டே தங்களுக்கென ஒரு பொதுவான தொழில்நுட்ப வரையறையை அறிவித்தார்கள். 2005இல் ஐபிஎம் அந்தத் தொழிலையே லெனோவாவிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

ஜவ்வரிசி ஊரில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. குச்சிக் கிழங்கு, அதாவது மரவள்ளி போடுகிறவருக்கு, மாவுச்சத்தை அளக்கும் பாயிண்ட் கணக்கில் விலை. தரம் ஒன்றாக இருந்தால், எந்த ஆலையின் மூட்டையாக இருந்தாலும் டெண்டரில் விலை ஏறக்குறைய ஒன்றுதான். யார் அதிகம் வியர்த்தார் என்று சந்தை கேட்பதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் இயங்குதளம் ஓடும் பெட்டியை விற்றவர்களின் கதையும் அதுவே.

இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் மட்டும் அந்த டெண்டருக்கு வெளியே நின்றன. காம்பேக் பெட்டிக்குப் பதில் டெல் வாங்கலாம், டெல்லுக்குப் பதில் ஏசர் வாங்கலாம். விண்டோஸை மாற்ற முடியவில்லை. ஏசரைத் தொடங்கிய ஸ்டான் ஷி 1992இலேயே இதைச் சிரிக்கும் வாய் போன்ற ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். ஒரு நுனியில் ஆராய்ச்சியும் முக்கியப் பாகங்களும், மறு நுனியில் பிராண்டும் சேவையும். அங்கே மதிப்பு உயரம். நடுவில் அசெம்பிளி, அதுதான் பள்ளம். பள்ளத்தில் நின்றவரே அதை வரைந்தார் என்பதால் எனக்கு அந்தப் படத்தின் மேல் தனி மரியாதை.

பள்ளத்திலும் நன்றாகப் பிழைத்தவர் உண்டு. 1984இல் டெக்சாஸில் மாணவராக இருந்தபோதே டெல் கம்பெனியைத் தொடங்கிய மைக்கேல் டெல், ஆர்டர் வந்த பிறகே மெஷினை அசெம்பிள் செய்தார். வாங்குபவர் முதலில் பணம் கொடுத்தார். பாகம் கொடுத்தவருக்கு டெல் பின்னால் கொடுத்தார். பாகங்களின் விலை நாளுக்கு நாள் இறங்கும் தொழிலில் கிடங்கு காலியாக இருப்பதே லாபம்.

அந்தத் திறமை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சில நாள் மட்டும் இலவசமாக ஓடும் சோதனைப் பதிப்பு மென்பொருள்களை மெஷினில் திணித்து, அவற்றைத் தயாரித்தவர்களிடம் காசு பார்த்தார்கள். 2015இல் லெனோவா மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. நாம் பார்க்கும் பக்கங்களில் விளம்பரம் செருகுவதற்காக, வங்கித் தளத்தின் பாதுகாப்புப் பூட்டையே அது பலவீனமாக்கியது. சில காசுகளுக்காக வாடிக்கையாளரையே விற்பது! மெல்லிய லாபத்தில் ஓடும் தொழிலில் இந்த ஆசை எப்போதும் வாசலில் நிற்கும். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

இனி ஆப்பிள். விலையைக் கூட்டி வைத்ததால் பிழைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக் கதை இல்லை. 1995இல் ஆப்பிளும் தன் இயங்குதளத்தைப் பிறருக்குக் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் புது வாடிக்கையாளரைக் கொண்டுவராமல் ஆப்பிளின் வாடிக்கையாளரையே இழுத்தார்கள். 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அதை நிறுத்தினார். குவிந்து கிடந்த மாடல்களை வெட்டி, வீட்டுக்கும் தொழிலுக்கும் தனித்தனியே மேசைக்கு ஒன்று, மடிக்கு ஒன்று என்று நான்கு கட்டத்துக்குள் அடக்கினார். மறு ஆண்டு ஐமேக் வந்தது. 2020 நவம்பரில் இன்டெலையும் விட்டு, தன் சொந்த எம்1 சிப்பைப் போட்டது ஆப்பிள். சிப், இயங்குதளம், கடை மூன்றையும் தன் கையில் வைத்திருப்பவர்தான் தன் விலையைத் தானே சொல்ல முடியும்.

சோனியின் வையோ கம்ப்யூட்டர் அழகில் குறைந்ததா? இல்லை. ஆனால் உள்ளே எல்லாரும் விற்ற அதே விண்டோஸ். 2014இல் சோனி அந்தத் தொழிலையே விற்றது.

இதைக் கேட்டுவிட்டு மலிவு விலைத் தொழிலை இழிவாக நினைத்துவிடாதீர்கள். 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட் டெண்டர் போட்டு, கம்பெனிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு வாங்க முடிந்ததற்கு ஒரே காரணம், எந்தக் கம்பெனியின் பெட்டியும் அந்த வேலைக்குப் போதும் என்பதுதான். ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளையின் கைக்குக் கணினி வந்தது அந்தப் போட்டியால்தான். எல்லாரும் ஆப்பிள் போல நடந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஐந்து ரோடு பக்கம் அசெம்பிள் செய்து விற்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பாகத்தின் விலை இன்று வாங்குபவரின் போனிலேயே இருக்கிறது. அங்கே நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்குப் போய், எடைக்கு எடை வெள்ளி கொடுப்பது, சேதாரம், கூலி, இந்தக் கணக்கெல்லாம் எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதைப் பிசகாமல் போடும் மென்பொருளைத் தமிழில் செய்து, ராத்திரி போன் செய்தாலும் எடுப்பவராக இருந்தால், பெட்டி என்ன விலை என்று அந்த முதலாளி அடுத்த கடையில் விசாரிக்கப் போகமாட்டார். இங்கே யாராவது ஏற்கெனவே அப்படி ஒன்றைச் செய்திருந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து காட்டுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.