கடனில்லாக் கஞ்சியும் ஜாம் தடவிய ரொட்டியும்

(வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொன்ன தம்பியே, பின்வரிசையில் போனைப் பார்த்தபடி இருந்தாலும் காது இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிற கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஐயா கையால் பிரம்படி வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். கணக்குக்காக வாங்கியது. அதற்கான காரணம் பின்னால் வரும். வணிகர் சங்கத்து அண்ணன் நகை அடகுக் கடை நடத்துகிறவர். உரிமம் வாங்கி, ரசீது கொடுத்து, ஒழுங்காக நடத்துகிறார். இன்றைக்கு நான் பேசுவதில் ஒரு வரிகூட அவரைக் குறித்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறார். எனக்குப் போட்ட பொன்னாடையும் அவர் வாங்கி வந்ததுதான், அதனால் ஜாக்கிரதையாகவே பேசுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளைஞர்களும் ஜப்பானிய அனிமேயும்'. அனிமே என்றால் ஜப்பான்காரர்கள் எடுக்கிற கார்ட்டூன் படங்களும் தொடர்களும். இருக்கிற எல்லா அனிமேயையும் பார்த்துவிட்டுப் பேச எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். செயின்சா மேன். மரம் அறுக்கும் இயந்திர ரம்பம் இருக்கிறதே, அந்த செயின்சாதான். மூன்று விஷயம் சொல்வேன். ஒன்று, கதை. இரண்டு, அதைப் படமாக்கிய கலை. மூன்று, அதில் வரும் பெண்கள். இந்த மூன்றாவதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை. ரத்தம் வாளி வாளியாகக் கொட்டும். 'கார்ட்டூன்தானே' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள்தான், 'அப்பா, நீங்க எப்பப் பார்த்தாலும் கந்துவட்டி, கந்துவட்டின்னு பேசறீங்களே, இதைப் பாருங்க' என்று போட்டுக் காட்டினாள். பேய்க்கதை என்று சொல்லி உட்கார வைத்தார்கள். முதல் பத்து நிமிடம் பார்த்ததும் இது கடன் கதை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் அம்மா ஒரு பழமொழியை விடாமல் சொல்வார். கடனில்லாக் கஞ்சி கால் வயிறு. கால் வயிற்றுக்குத்தான் கஞ்சி கிடைத்தாலும் அது கடன் இல்லாத கஞ்சியாக இருக்கட்டும் என்று அர்த்தம். இந்தப் பழமொழியை இன்றைக்கு அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு வருவோம். பையன் பெயர் டென்ஜி. அம்மா நெஞ்சு நோயில் ரத்தம் கக்கிச் செத்துப்போனாள். அப்பா யாகுசா என்கிற ரவுடிக் கும்பலிடம் கடன் வாங்கிவிட்டு அவரும் போய்ச் சேர்ந்தார். கடன் பையன் தலையில் விழுகிறது. பள்ளிக்கூடம் போகாத பொடியன். அப்பாவைப் புதைத்த இடத்தில் நிற்கும்போது அடிபட்ட ஒரு குட்டிச் சாத்தான் வருகிறது. நாய்க்குட்டி மாதிரி உருவம், நெற்றியில் ரம்பம். பெயர் போச்சிதா. 'என் ரத்தத்தைக் குடித்துப் பிழைத்துக்கொள், பதிலுக்கு என்னைக் காப்பாற்று' என்று பையன் கையை நீட்டுகிறான். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து அந்தக் கும்பலுக்காகச் சாத்தான்களை வேட்டையாடுகிறார்கள்.

அந்தப் பையன் நடந்துகொண்டே ஒரு கணக்குச் சொல்கிறான். மரம் வெட்டினால் மாதம் 60,000 யென். சிறுநீரகத்தை விற்றது 12 லட்சம். வலது கண்ணை விற்றது 3 லட்சம். மேடையில் சொல்லக் கூசும் இன்னோர் உறுப்பில் ஒன்றை விற்றதற்கு 1 லட்சம்கூட வரவில்லை. மிச்சக் கடன் 3 கோடியே 80 லட்சத்து 40 ஆயிரம் யென். நம் காசில் சுமாராக 2 கோடிக்கு மேல். ஐயா அடித்துச் சொல்லிக்கொடுத்த கணக்கு இருக்கிறதே, நான் சும்மா இருப்பேனா? உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். வட்டியே இல்லை, சோறே தின்னவில்லை என்று வைத்தாலும் மரம் வெட்டி அடைக்க 634 மாதம் ஆகும். 52 வருடம் 10 மாதம். உடம்பை அறுத்து விற்ற பணம் மொத்தமும் 16 லட்சத்தைத் தொடவில்லை.

அவனுடைய ஆசை என்ன தெரியுமா? ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். இருக்கிற ஒரு துண்டு வெறும் ரொட்டியைப் போச்சிதாவோடு பங்கு போட்டுக்கொண்டு, சாதாரண மனுஷங்க ரொட்டியில் ஜாம் தடவித் தின்பார்களாமே என்று பேசுகிறான். அந்த இடத்தில் நான் டிவியை நிறுத்தச் சொன்னேன். மகள் பயந்துவிட்டாள். எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒருவர்.

எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு பெஞ்ச், ஒரு பாய்லர். பால்காரருக்குப் பாக்கி ஏறியபோது தண்டலுக்கு வாங்கினார். ஆயிரம் ரூபாய் என்று பேச்சு, கையில் வந்தது 850. அந்த 150 முன்வட்டி. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், நூறு நாள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்டல்காரர் சைக்கிளில் வருவார். வெள்ளை வேட்டி, பட்டை பட்டையாகத் திருநீறு, அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். வந்ததும் பெஞ்சில் உட்காருவார். பன் ஒன்றை எடுத்து நடுவில் பிளந்து, ஜாம் பாட்டிலைத் தானே திறந்து, கரண்டியால் வழித்து வழித்துத் தடவுவார். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டே நிற்போம். எங்களுக்கு அந்த பாட்டிலைத் தொட அனுமதி இல்லை, அது வியாபாரத்துக்கு. பன்னைத் தின்று, டீயைக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, 'ம்' என்பார். அப்பா பத்து ரூபாயை எடுத்துக் கொடுப்பார். பன்னுக்கும் டீக்கும் காசு கேட்கவும் மாட்டார், அவர் கொடுக்கவும் மாட்டார்.

எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. தினமும் கதவின் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வந்தேன். நூறாவது நாள் கோடுகளை எண்ணி, ஒரு தாளில் பில் எழுதினேன். ஜாம் பன் 1.50, டீ 1.00, ஆக நாள் ஒன்றுக்கு 2.50, நூறு நாளைக்கு 250 ரூபாய். கீழே அடிக்கோடு போட்டு, 'தயவுசெய்து செலுத்தவும்' என்றும் எழுதி, அவர் பன்னைத் தின்று முடித்ததும் நீட்டினேன். அப்பா கையில் டீ ஆற்றும் குவளை அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் பாய்லர் சத்தம் மட்டும்தான். அவர் பில்லை மேலிருந்து கீழே வாசித்தார். கூட்டல் சரியா என்று விரல் விட்டும் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: 'உங்க பையனுக்குக் கணக்கு நல்லா வருதுங்க. பள்ளிக்கூட லீவுல நம்மகிட்ட அனுப்புங்க.'

அனுப்பினார்கள். ஏனென்றால் அதற்குள் அப்பா இரண்டாவது ஆயிரத்தை வாங்கியிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். பத்தாவது நாளோ என்னவோ, ஒரு வீட்டில் கதவைத் திறந்தது என் வகுப்பில் படித்த பிள்ளை. என்னையும் பார்த்தாள், நோட்டையும் பார்த்தாள். 'அப்பா இல்லை' என்றாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. நான் நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன்.

சரி, எங்கே விட்டேன்? டென்ஜி. கும்பல்காரர்கள் அவனைக் கொன்று துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அவர்களே அதிக பலத்துக்கு ஆசைப்பட்டு ஒரு பிணச் சாத்தானிடம் போய் மாட்டிக்கொண்டவர்கள், அது வேறு கதை. குப்பைத் தொட்டிக்குள் போச்சிதா பேசுகிறது. 'நீ உன் ஆசைகளைச் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். என் இதயத்தை உனக்குத் தருகிறேன், பதிலுக்கு உன் ஆசைகள் நடப்பதை எனக்குக் காட்டு' என்கிற மாதிரி. பையன் எழுந்திருக்கிறான். நெஞ்சில் ஒரு கயிறு. இழுத்தால் தலையிலும் கைகளிலும் ரம்பம் கிளம்பும். சபிக்கப்பட்ட சக்தி என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது இதுதான். எழுந்ததும் உலகத்தைக் காப்பாற்றுவேன் என்றெல்லாம் அவன் கத்தவில்லை. உங்களை எல்லாம் தீர்த்துக்கட்டினால் என் கடன் தீர்ந்தது என்று கத்துகிறான்.

இந்தக் கதை முழுவதும் ஒப்பந்தம்தான். அந்த உலகத்தில் மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அந்தப் பெயரில் ஒரு சாத்தான் பிறக்கும். பயம் கூடினால் அதற்குப் பலமும் கூடும். துப்பாக்கிச் சாத்தான் நாட்டையே அழிக்கும், தக்காளிச் சாத்தானை ரம்பத்தால் ஒரே இழுப்பு. நம் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் ஆறு மணிச் சாத்தான்தான் ராஜாவாக இருந்திருக்கும். வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டுத்தான் பலம் வாங்குகிறார்கள். ஹிமெனோ என்கிற பெண் வலது கண்ணைக் கொடுத்தவள். ஹயகவா அகி என்கிற இளைஞன் சாபச் சாத்தானிடம் தன் ஆயுளையே கொடுக்கிறான். மிச்சம் எவ்வளவு என்று கேட்கப் போகிறான். இரண்டு வருடம் என்கிறார்கள். தண்டல் நோட்டைப் புரட்டிப் பாக்கி கேட்டவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

பிறகு மகிமா வருகிறாள். அரசாங்க வேலை, அடக்கமான பேச்சு. சாத்தானாகச் செத்துப்போகிறாயா, மனிதனாக என்னிடம் வளர்கிறாயா என்று கேட்கிறாள். வளர்ந்தால் காலைச் சாப்பாடு கிடைக்குமா என்கிறான் இவன். ரொட்டி, வெண்ணெய், ஜாம் என்று அடுக்குகிறாள். அவன் கண்ணில் சொர்க்கம். அவள் யார் என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். எனக்கு மட்டும் அந்த நிமிடத்தில் நாலாக மடித்த பில்தான் தெரிந்தது. கடனில்லாக் கஞ்சி கால் வயிறு என்று அவன் காதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இன்னொருவனையும் விடக்கூடாது. பின்னால் கத்தி மனிதன் என்று ஒருவன் பழிவாங்க வருகிறான். டென்ஜியின் அப்பாவுக்குக் கடன் கொடுத்த கும்பல் தலைவன் கிழவனின் பேரன். 'என் தாத்தா நல்லவர்' என்கிறான். நம்பித்தான் சொல்கிறான். எல்லா ஊரிலும் தாத்தாக்கள் நல்லவர்கள்.

இரண்டாவது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது முதலில் படக்கதையாக வந்தது. எழுதி வரைந்தவர் தட்சுகி ஃபுஜிமோட்டோ. 1992-ல் பிறந்தவர், அகிதா பகுதிக்காரர், எண்ணெய் ஓவியம் படித்தவர். 2018 டிசம்பரில் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கி 2020 டிசம்பரில் 97 அத்தியாயத்தில் முதல் பாகத்தை முடித்தார். இரண்டாம் பாகம் 2022-ல் இணையத்தில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மாப்பா நிறுவனம் 12 பகுதிகளாக அனிமே எடுத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் முடிவில் வெவ்வேறு பாட்டு, ஆகப் பன்னிரண்டு பாட்டு! அங்கே வழக்கமாகப் பல கம்பெனிகள் கூட்டுக் குழு அமைத்துப் பணம் போடும். மாப்பா இதற்கு முழுப் பணத்தையும் தானே போட்டது. 2025 செப்டம்பரில் அடுத்த பகுதி சினிமாவாக வந்தது. ரம்பம் சுழலும்போது கோடு கோடாகப் புகை பறப்பதை எப்படி வரைந்தார்கள் என்று கலை தெரிந்த யாராவது இன்னொரு நாள் பேசட்டும்.

தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். பத்து நிமிடம் என்று இருக்கிறது. ஐயா கையெழுத்து, அன்றைக்கு இருந்த மாதிரியே முத்து முத்தாக.

ஜப்பானில் இந்தக் கடன் தொல்லை நிஜமாகவே பெரிய தொல்லைதான். கடன் கம்பெனிகள் 29.2 சதவீதம் வரை வட்டி வாங்கிக்கொண்டிருந்தன. 2006-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2010 ஜூனில் அது முழுதாக அமலுக்கு வந்தது. உச்சவரம்பை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்தக் கம்பெனிகளிடம் ஒருவர் வாங்கும் மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றும் வைத்தார்கள். அதைவிட முக்கியம், அங்கே தகப்பன் செத்தால் அந்தச் சொத்தும் வேண்டாம், கடனும் வேண்டாம் என்று பிள்ளை மூன்று மாதத்துக்குள் குடும்ப நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். டென்ஜிக்கு இதை யாராவது சொல்லியிருந்தால்? மகளிடம் கேட்டேன். 'அப்பா, அவன் கோர்ட்டுக்குப் போனா கதை எப்படி நடக்கும்? அதுவும் யாகுசா ரசீதா பார்ப்பான்?' என்றாள். நியாயம்தான்.

ஆனால் நம் வீட்டில் நடப்பது கதை இல்லையே. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்று பழைய இந்து சட்டத்தில் இருந்ததை, 2005 வாரிசுரிமைத் திருத்தம் அதன்பிறகு வாங்கும் கடன்களுக்கு இல்லாமல் செய்துவிட்டது. தகப்பன் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. பிள்ளை தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு. கடனுக்காக ஆளைப் பிடித்து வேலை வாங்கினால் 1976-லிருந்தே குற்றம். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கையைத் தூக்குங்கள். நாலு. அதில் ஒன்று அண்ணன் கை.

நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். போச்சிதா ஒரு சாத்தான், அதுகூட என்ன தருகிறேன், என்ன கேட்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்பந்தம் போட்டது. அந்த நேர்மைகூட இல்லாத தாளில் நாம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆகவே நானும் சில நண்பர்களும் ஒரு மனு தயாரித்திருக்கிறோம். இந்தச் சட்டங்களை எளிய தமிழில், பெரிய எழுத்தில், நூலக வாசலில் பலகையாக வைக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் ஒருவர் இங்கே வந்து உட்கார வேண்டும். அதுவரைக்கும் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை, புரோநோட்டை வாசிப்பது எப்படி என்று நடத்த வேண்டும். ஐயா மனதுவைத்தால் நடக்கும், அவர் சொல்லைத் தட்ட இந்த ஊரில் ஒருவரும் பிறக்கவில்லை. கடனில்லாக் கஞ்சி கால் வயிறு என்று பலகையின் உச்சியில் எழுதலாம் என்பது என் சொந்த ஆசை. நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. பெண்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பவர் என்று ஒருத்தி வருவாள், வாய் திறந்தால் பொய்தான், அவளுக்காகவே ஒரு மாலை வேண்டும். கூப்பிட்டால் வருகிறேன்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். படிக்காமல் கையெழுத்துப் போட வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வரும்போது தலைவர் ஐயாவையே ஒரு தடவை அனுப்பிவிட்டாளாம். மன்னிக்க வேண்டும், ஐயா. வணக்கம்.