அலமாரிக்குத் திரும்பிய டம்ளர்

நடுவர் அவர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

"எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு மருத்துவத் தகவல் போதும். நோயோடு வாழ்பவர் கதை கண்ணீரை வரவழைக்கும், வீட்டுக்குப் போனதும் காய்ந்துவிடும்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் சமையலறை. ஃப்ரிட்ஜ் கதவில் கிளினிக்கில் கொடுத்த துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. ஒரே டம்ளரில் குடித்தால் எச்.ஐ.வி. தொற்றாது என்று அதில் இருந்ததை அம்மாவே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஆனாலும் சித்தப்பாவின் எவர்சில்வர் டம்ளர் மட்டும் வெளிக்குழாயடியில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. தகவல் இருந்தது, ஐயா. பயமும் போகாமல் இருந்தது.

2000 ஜூலை. நம் கிங்ஸ்மீட் மைதானத்தில் உலக எய்ட்ஸ் மாநாட்டுத் தொடக்க விழா. பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்த ன்கோசி ஜான்சன் மேடைக்கு வந்தான். வயது 11. எங்களுக்கும் கை இருக்கிறது, கால் இருக்கிறது, நடக்கிறோம், பேசுகிறோம், எங்களைக் கண்டு பயப்படாதீர்கள் என்றான். டிவி முன்னால் நின்றிருந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை அந்த டம்ளர் எங்கள் டம்ளர்களோடு அலமாரியில் இருந்தது. அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளை போய்விட்டான்.

துண்டுத்தாளை நான் பழிக்கவில்லை. அது இல்லாமல் அம்மாவுக்குத் துணிவு வந்திருக்காது. ஆனால் கையை நீட்டி எடுக்க வைத்தவன் ன்கோசி.

"குகு ட்லாமினியைக் கொன்றார்களே, பிறகு யார் வாய் திறப்பார்?" என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. கேட்க வேண்டிய கேள்விதான். 1998 உலக எய்ட்ஸ் தினத்தில் தனக்கு எச்.ஐ.வி. என்று வெளிப்படையாகச் சொன்ன அந்தப் பெண்ணை, அதே மாதம் டர்பனை அடுத்த குவாமாஷுவில் ஒரு கும்பல் அடித்தே கொன்றது. காவல் இல்லாமல் ஒருவரை மேடையேற்றுவது பாவம், சகோதரி. அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் வாய் மூடிவிட்டதா? 1999 ஏப்ரலில் நீதிபதி எட்வின் கேமரன் தனக்கும் எச்.ஐ.வி. என்று அறிவித்தார். குகுவின் சாவு தன்னை உலுக்கியது என்றார். டர்பன் மாநாட்டிலும் பேசினார்: மருந்து வாங்கத் தன்னிடம் பணம் இருப்பதால் தான் உயிரோடு இருப்பதாகவும், பணமில்லாதவர்கள் சாவதாகவும் சொன்னார். அந்த அநியாயத்தைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் எத்தனையோ பேர் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். 2004இல் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாக வந்தது.

சித்தப்பா அந்த வரிசையில் நின்றார். கூடப் போனவர் அம்மா. ஃப்ளாஸ்க் மூடி ஒன்றுதான் இருந்தது. அதிலேயே இரண்டு பேரும் மாறி மாறி டீ குடித்தார்கள், நடுவர் அவர்களே.