குடியரசுத் தலைவர் தேர்தலில் இன்னும் 1971தான் ஓடுகிறது! அடிக்குறிப்பைத் திறந்தால் கிடைக்கும் கணக்கு

[திரையில்: 176 = 176]

குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் போடும் ஓட்டின் மதிப்பு 176. ஜார்க்கண்ட் எம்.எல்.ஏ. ஒருவர் போடும் ஓட்டின் மதிப்பும் அதே 176. உத்தரப்பிரதேசத்தில் 208. சிக்கிமில் 7. எல்லாரும் ஒரே நாளில், ஒரே இளஞ்சிவப்புச் சீட்டில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனாலும் உ.பி. உறுப்பினர் ஒருவரின் ஓட்டு, சிக்கிம் உறுப்பினரின் ஓட்டைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு எடை. யார் முடிவு செய்த எடை இது?

வணக்கம் நண்பர்களே. இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்தத் தேர்தலைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் அட்டவணையாக இருக்கும். நாமும் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். வாக்கியத்தின் கடைசியில் சின்னதாக ஒரு எண் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தினால் அடிக்குறிப்பு வரும்: அரசியலமைப்புச் சட்டம், தேர்தல் ஆணையத்தின் வெளியீடு, நீதிமன்றத் தீர்ப்பு, செய்தித்தாள். இன்றைக்கு நாம் அந்த அடிக்குறிப்புகளுக்குள்தான் போகப் போகிறோம். கட்டுரையை விட ருசியான விஷயம் அங்கேதான் இருக்கிறது. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே வேலை இருக்கிறது.

அடிப்படையை வேகமாக முடித்துவிடுகிறேன். குடியரசுத் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள், மாநிலங்களிலும் டெல்லி, புதுச்சேரியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள், இவர்கள்தான் வாக்காளர்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை. மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை. ரகசிய வாக்கெடுப்பு. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். அவ்வளவுதான்.

சரி, இப்போது முதல் அடிக்குறிப்பு. அரசியலமைப்புச் சட்டத்தின் 55ஆவது பிரிவு.

சட்டப் புத்தகம் என்றால் பயப்பட வேண்டாம். இந்தப் பிரிவு கிட்டத்தட்ட ஒரு கணக்குப் பாடம். மாநிலத்தின் மக்கள்தொகையை எடு, சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையால் வகு, அதில் எத்தனை ஆயிரம் இருக்கிறது என்று பார். அதுதான் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு. மிச்சம் 500க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்.

தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர்கள் 234. வகுத்தால் 1,76,064 சொச்சம். ஆயிரங்கள் 176, மிச்சம் 64. ஐந்நூறுக்குக் கீழே இருப்பதால் அதை விட்டுவிடலாம். விடை 176.

ஒரு நிமிடம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை நான்கு கோடியா? 2011 கணக்கெடுப்பிலேயே நாம் ஏழு கோடியைத் தாண்டிவிட்டோமே? கேள்வியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஜார்க்கண்டைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஜார்க்கண்ட்: 1,42,27,133 பேர், 81 உறுப்பினர்கள். வகுத்தால் 1,75,643. ஆயிரங்கள் 175தான்! மிச்சம் 643. ஐந்நூறைத் தாண்டிவிட்டதால் ஒன்று கூடி 176 ஆகிறது. அதாவது அந்த ஒரே ஒரு வரி இல்லாவிட்டால் ஜார்க்கண்ட் நம்மைத் தொட்டிருக்காது. மகாராஷ்டிரத்தையும் போட்டுப் பாருங்கள். 5,04,12,235 பேர், 288 உறுப்பினர்கள். 1,75,042 வரும். மிச்சம் 42. அதனால் 175. நாட்டின் பெரிய மாநிலங்களில் ஒன்று, ஒரு எம்.எல்.ஏ.வுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஜார்க்கண்டுக்கு ஒரு படி கீழே நிற்கிறது! எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லித் தராது. மூல ஆவணத்தை எடுத்து நாமே வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு எம்.எல்.ஏ.வின் மதிப்பு சமமாக இருந்தாலும் மாநிலத்தின் மொத்தம் சமமாகாது. தமிழ்நாட்டுக்கு 176 பெருக்கல் 234, அதாவது 41,184. ஜார்க்கண்டுக்கு 176 பெருக்கல் 81, அதாவது 14,256. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டமன்றத்தில் சீட்டுகளைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாநிலத்தின் மொத்த ஓட்டு மதிப்பு பெரிதாக மாறாது. வகுக்கிற எண்ணால்தான் கடைசியில் பெருக்குகிறோம், இல்லையா? ஆக மாநிலத்தின் எடையைத் தீர்மானிப்பது மக்கள்தொகை மட்டுமே. இதை மறந்துவிடாதீர்கள், இப்போதே தேவைப்படும்.

[திரையில்: 4,11,99,168 – எந்த ஆண்டு?]

அந்த நான்கு கோடி 1971ஆம் ஆண்டின் கணக்கு. 55ஆவது பிரிவின் அடியில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆரம்பிக்கும் அது, ‘ஆனால்’ என்று ஒரு நிபந்தனையோடு முடியும். 1976இல் வந்த 42ஆவது திருத்தம், 2000க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும் 1971 கணக்கே போதும் என்று உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை நீட்டியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே அதிகாரத்தை இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். என்னைக் கேட்டால் அது நியாயமான காரணம். குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியக் கொள்கையாக வைத்துவிட்டு, அதைச் செய்து காட்டிய மாநிலத்தின் குரலைக் குறைப்பது எப்படிச் சரியாகும்?

உறைய வைக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு எந்த அடிக்குறிப்பும் தேவையில்லை. அதே சூத்திரம், சீட்டு எண்ணிக்கையும் அதே, மக்கள்தொகை மட்டும் 2011. நானே போட்டுப் பார்த்தேன், நீங்களும் சரிபார்க்கலாம்.

தமிழ்நாடு: 7,21,47,030 வகுத்தல் 234. மதிப்பு 308. பரவாயில்லையே, 176இலிருந்து ஏறிவிட்டதே என்று தோன்றும். மற்றவர்களைப் பாருங்கள். உத்தரப்பிரதேசம் 208இலிருந்து 496. பீகார் 173இலிருந்து 428. பீகாரின் எம்.எல்.ஏ. இன்றைக்கு நம் எம்.எல்.ஏ.வை விட மூன்று புள்ளி கீழே. 2011 கணக்கில் 120 புள்ளி மேலே!

ராஜஸ்தான்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. 1971 கணக்குப்படி அங்கே ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 129. நம்மை விட 47 குறைவு. 2011 கணக்குப்படி 343. நம்மை விட 35 அதிகம். மொத்தமாகப் பார்த்தால் இன்றைக்குத் தமிழ்நாட்டுக்கு 41,184, ராஜஸ்தானுக்கு 25,800. 2011ஐ எடுத்தால் நமக்கு 72,072, அவர்களுக்கு 68,600. கிட்டத்தட்ட பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். உ.பி.யின் மொத்தம் இன்றைக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு. 2011 கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தொகுதி மறுவரையறை பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம், மக்களவை சீட்டு எத்தனை போகும் என்று கவலைப்படுகிறோம். அதே உறைநிலை குடியரசுத் தலைவர் தேர்தலுக்குள்ளும் இருக்கிறது என்று பேசுபவர்கள் மிகக் குறைவு. இதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்காவது அனுப்புங்கள்.

பக்கத்து நாட்டில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. பாகிஸ்தானிலும் அதிபர் மறைமுகத் தேர்தலில்தான் வருகிறார். ஆனால் அங்கே நான்கு மாகாணச் சட்டமன்றங்களுக்கும் சம எடை. மிகச் சிறிய சட்டமன்றமான பலுசிஸ்தானுக்கு எத்தனை உறுப்பினரோ, அத்தனை ஓட்டுத்தான் மிகப் பெரிய பஞ்சாபுக்கும். எங்கே ஆள் அதிகமோ அங்கே எடை அதிகம் என்பது நம் வழி. மாகாணங்கள் எல்லாம் சமம் என்பது அவர்கள் வழி.

அடுத்த அடிக்குறிப்பு, செய்தித்தாள். இங்கே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 708 என்று பல இடங்களில் படிப்பீர்கள். 2017 தேர்தலுக்கு அது சரி. 2022க்கு அது தவறு, அப்போது 700. எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் எம்.பி. மதிப்பு. 2022இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லை. அதனால் மொத்தம் 5,43,231 ஆனது. அதை 776ஆல் வகுத்தால் 700. ஒரு சட்டமன்றம் இல்லாமல் போனதால் நாட்டின் எல்லா எம்.பி.க்களின் ஓட்டும் எட்டுப் புள்ளி இறங்கியது. ஆண்டு போடாமல் 708 என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் செய்தி எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள்.

கடைசி வகை, பழைய தேர்தல் முடிவுப் பட்டியலும் நீதிமன்றத் தீர்ப்பும். அதற்கு 1969ஆம் ஆண்டுத் தேர்தலை எடுப்போம். பலரும் பார்க்காமல் விடும் ஆண்டு, நான் விடமாட்டேன்.

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே மே மாதம் காலமானார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி பதவி விலகிச் சுயேச்சையாக நின்றார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னார். தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது. களத்தில் மொத்தம் 15 பேர்.

முதல் விருப்ப ஓட்டு எண்ணிக்கையை எடுங்கள். கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. இன்னொரு வேட்பாளரான முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்கத் தேவையானது 4,18,169. யாருக்கும் இல்லை! இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் முடிவு தெரிந்தது: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இரண்டாம் விருப்பத்தால் ஒரு குடியரசுத் தலைவர் முடிவான ஒரே தேர்தல் இன்று வரை அதுதான்.

அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதிக்கும் வாருங்கள். யாருக்கும் நினைவில்லாத ஒரு வேட்பாளர் வாங்கியது 576. அந்த ஆண்டு ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு எவ்வளவு தெரியுமா? 576! ரகசிய வாக்கெடுப்பில் எங்கோ ஒரே ஒரு எம்.பி. எல்லாப் பெரிய பெயர்களையும் விட்டுவிட்டு அவருக்கு மட்டும் ‘1’ போட்டிருக்கலாம். அவர் யார் என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அந்த ஓட்டின் தடம் மட்டும் அட்டவணையில் அப்படியே இருக்கிறது. இதற்காகத்தான் எனக்கு இந்தப் பழைய பட்டியல்கள் மேல் இவ்வளவு ஆசை.

தேர்தல் முடிந்தும் கதை முடியவில்லை. ரெட்டியைக் கேவலப்படுத்தும் பெயரில்லாத துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற மைய மண்டபம் வரை சுற்றியது என்று வழக்கு போனது. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் கிரி, உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970இல் வழக்கு தள்ளுபடியானது. இந்தத் தேர்தலைப் பற்றி ஒரே ஒரு ஆவணம் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அந்தத் தீர்ப்பைப் படியுங்கள். யார் எதை எங்கே கொடுத்தார்கள், யார் கையில் பார்த்தார்கள் என்று சாட்சி சாட்சியாகப் போகும்.

அப்புறம் ஒரு குட்டித் தகவல்: 2022இல் ஓட்டுப் பெட்டிகளுக்கு விமானத்தில் தனி டிக்கெட், முன்வரிசை சீட்டு. டிக்கெட்டில் பயணியின் பெயர், ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’.

இனி நடக்கப் போவது. இப்போதைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கணக்கு நாளாக 2027 மார்ச் 1ஐ அரசு அறிவித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மாதங்களே. சட்டம் பார்ப்பது கணக்கெடுப்பு நடந்த தேதியை அல்ல, விவரங்கள் வெளியான தேதியை. தேர்தலுக்கு முன் அவை வெளியாகாவிட்டால் 2027லும் நம் எம்.எல்.ஏ. 176 என்ற எடையோடுதான் ஓட்டுப் போடுவார். வெளியாகி, 55ஆவது பிரிவை யாரும் திரும்பவும் திருத்தாவிட்டால், 1971 அதோடு விடைபெறும். உறைநிலை நீடிக்க வேண்டுமா, இல்லை புதிய கணக்குக்கு மாற வேண்டுமா? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். கூடவே 2011 மக்கள்தொகையை வைத்துக் கேரளத்துக்கு எவ்வளவு வருகிறது என்றும் போட்டுச் சொல்லுங்கள்: 3,34,06,061 பேர், 140 உறுப்பினர்கள்.