பொத்தி வைக்காத காசு

அவைத் தலைவர் அவர்களே, நாணயம் சேர்க்கும் நண்பர்களே, வணக்கம்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஒரு காசை உங்களிடம் அனுப்பிவைக்கிறேன். முதல் வரிசையிலிருந்து கைமாற்றிக் கடைசி வரிசை வரை கொண்டுபோங்கள். 1872ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட். நம் பழைய காலணாவைவிடச் சிறியது. ஒரு பக்கம் இறகு முடி சூடிய பெண்ணின் தலை, மறுபக்கம் இலை மாலை. சேர்ப்பவர்கள் இதை ‘இந்தியத் தலை சென்ட்’ என்பார்கள். நம் இந்தியா அல்ல, அமெரிக்கப் பழங்குடியினரின் இறகு முடி. ஆனால் முகம் பழங்குடிப் பெண்ணுடையதும் அல்ல; சுதந்திர தேவிக்குத்தான் இறகு சூட்டிவிட்டார்கள். இப்போதைக்கு அதன் நிறத்தை மட்டும் பார்த்துவையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் சுருட்டுப்பெட்டி நிறையப் பழங்காசுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். தங்கமும் வெள்ளி டாலரும் வாங்கும் வசதி எனக்கு இல்லை. அரை சென்ட், சென்ட், இரண்டு சென்ட், மூன்று சென்ட், ஐந்து சென்ட் என்று சில்லறையில்தான் கைவைத்தேன். கைவைத்த பிறகுதான் இதுதான் சுவையான இடம் என்று புரிந்தது.

அரை சென்ட் என்று ஒரு காசு எதற்கு என்று கேட்பீர்கள். 1857 வரை அமெரிக்காவில் ஸ்பானிய வெள்ளிக்காசு சட்டப்படி செல்லும். ஸ்பானிய டாலரில் எட்டில் ஒரு பங்கு ஒரு ரியால். அதாவது பன்னிரண்டரை சென்ட். அந்த அரையை எப்படிக் கொடுப்பது? இங்கே மூத்தவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். 1957இல் நயா பைசா வந்தபோது ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று நாம் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது அல்லவா? அதே தலைவலிதான். நமக்கு வருவதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன், 1857 பிப்ரவரிச் சட்டத்தால் அவர்கள் அதைத் தீர்த்துக்கொண்டார்கள். அரை சென்ட்டையும் பெரிய செப்பு சென்ட்டையும் நிறுத்தினார்கள்; அயல்நாட்டுக் காசுக்கு இருந்த செல்லுபடியையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெரிய சென்ட்டை நீங்கள் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். 1793 முதல் 1857 வரை அடித்தது. பதினோரு கிராமுக்குச் சற்றுக் குறைந்த சுத்தச் செம்பு. நான்கு காசு சட்டைப்பையில் இருந்தால் பை தொங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றுக்கான வெறும் செப்பு வில்லைகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் தொழிற்சாலையிலிருந்து கப்பலில் வந்தது. பிலடெல்பியா நாணயச்சாலை அவற்றில் அச்சைப் பதிக்கும். இதே போல்டனின் ஆலைதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துக்கும் பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்களை அடித்து அனுப்பியது. 1808 என்று ஆண்டு போட்ட அந்தக் காசுகளை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல் திட்டில் மூழ்கியது. உங்களில் சிலரிடம் அந்தக் கப்பல் காசு இருக்கிறது என்று தெரியும். பிலடெல்பியாக்காரரின் சென்ட்டும் நம்முடைய அந்தக் காசும் ஒரே உலைக்களத்துப் பிள்ளைகள்.

1812இல் இங்கிலாந்தோடு போர் வந்ததும் செப்பு வில்லை வரத்து நின்றது. இருந்த கையிருப்பும் தீர்ந்தது. அதனால்தான் 1815 என்று ஆண்டு பொறித்த சென்ட் உலகில் ஒன்றுகூடக் கிடையாது. 1793 முதல் 2025 வரை அமெரிக்க சென்ட் வரிசையில் விட்டுப்போன ஆண்டு அது ஒன்றுதான். யாராவது உங்களிடம் 1815 சென்ட் விற்க வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் காசு சேர்ப்பது எப்படித் தொடங்கியது என்பதற்கும் இந்தச் சென்ட்டே சாட்சி. ஜோசப் மிக்லி என்று பிலடெல்பியாவில் ஒருவர், இசைக்கருவி பழுதுபார்ப்பவர். 1799இல் பிறந்தவர். இளைஞனாக இருக்கும்போது, தான் பிறந்த ஆண்டின் சென்ட் ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கினார். எளிதில் கிடைக்கும் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் 1799 சென்ட்தான் அந்த வரிசையிலேயே மிகக் கடினமான ஒன்று. தேடித் தேடி, அந்தத் தேடலிலேயே நாட்டின் மிகப் பெரிய சேகரிப்பாளர்களில் ஒருவராகிவிட்டார். 1801இல் பிறந்திருந்தால் ஒரு வாரத்தில் காசு கிடைத்து, வயலினுக்குத் தந்தி மாட்டப் போயிருப்பார்.

பெரிய சென்ட் மறையப்போகிறது என்று தெரிந்ததும் ஆளுக்கு ஆள் ஆண்டு வரிசை சேர்க்க ஆரம்பித்தார்கள். இருக்கும்போது கண்ணில் படாதது, போகும்போது பளிச்சென்று தெரிகிறது. 1857 மே 25 அன்று பிலடெல்பியா நாணயச்சாலை முற்றத்தில் பழைய செம்பையும் ஸ்பானிய வெள்ளியையும் கொடுத்துப் புதிய சிறிய சென்ட் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. புதியதில் பறக்கும் கழுகு. எடை பழையதில் பாதிகூட இல்லை.

அந்தக் கழுகு சென்ட்டுக்கு மாதிரியாக 1856 என்று ஆண்டு போட்டுச் சில நூறு அடித்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டினார்கள். சேர்ப்பவர்கள் விடுவார்களா? கேட்டுக் கேட்டு நச்சரித்தார்கள். நாணயச்சாலையின் அப்போதைய இயக்குநர் ஜேம்ஸ் ஸ்நோடன் பிந்திய ஆண்டுகளில் அதே 1856 ஆண்டைப் போட்டு மறுபடி அடிக்கவைத்தார். அவருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் உருவப் பதக்கங்கள் சேர்க்கும் பித்து. அந்தப் பதக்கங்களுக்கு ஈடாக இப்படிப்பட்ட மறு அடிப்புகள் கைமாறின. அரசாங்க அச்சு, அரசாங்க உலோகம், பண்டமாற்று! ஸ்நோடனை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த 1856 சென்ட்டை யாரும் கடையில் கொடுத்து ரொட்டி வாங்கவில்லை. பிறந்த அன்றே பெட்டிக்குள் போய்விட்டது. அதனால் இன்றும் ஏலத்துக்கு ஏலம் நல்ல நிலையில் வந்துகொண்டே இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் பணம் இருந்தால் இந்த வாரமே வாங்கலாம். 1877ஆம் ஆண்டு இந்தியத் தலை சென்ட்டின் கதை வேறு. 8,52,500 அடித்தார்கள். எட்டரை லட்சம்! ஆனால் தேயாமல் பளபளப்பாக ஒன்றைத் தேடிப் பாருங்கள், செருப்புத் தேய்ந்துவிடும்.

ஒரு நாட்டின் சில்லறைக்கு எட்டரை லட்சம் குறைவுதான். ஏன் அவ்வளவு குறைவாக அடித்தார்கள் என்றால், 1873இல் வந்த பொருளாதார முடக்கத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்கள் தம்மிடம் குவிந்த சில்லறையைக் கருவூலத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அப்படித் திரும்பி வந்த பழைய சென்ட்டுகளையே மறுபடி வெளியே விட்டார்கள், புதியதற்குத் தேவையில்லை. மூன்று சென்ட், ஐந்து சென்ட் நிக்கல் காசுகளை அந்த ஆண்டு சேகரிப்பாளர்களுக்கான பளபளப்புப் பிரதிகளாக மட்டுமே அடித்தார்கள். அடித்த எட்டரை லட்சம் சென்ட்டும் நேராகத் தெருவுக்குப் போய்விட்டது. அது அரிதாகப் போகிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. தேய்ந்தது, தொலைந்தது, பலகை இடுக்கில் விழுந்தது.

இதற்கு நேர் எதிர் 1883ஆம் ஆண்டின் ஐந்து சென்ட். புது வடிவத்தில் ரோமன் எழுத்தில் ஐந்து என்று மட்டும் போட்டார்கள். ‘சென்ட்’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். அளவிலோ ஐந்து டாலர் தங்கக்காசுக்கு மிக அருகில். ஏமாற்றுக்காரர்கள் தங்க முலாம் பூசி ஐந்து டாலராகத் தள்ளினார்கள். வாய் பேசாத ஒருவர் கடை கடையாக ஏறி, ஐந்து சென்ட் சுருட்டை எடுத்துக்கொண்டு முலாம் காசை மேசையில் வைப்பாராம். மீதி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் போய்விடுவார். ‘ஐந்து டாலர்’ என்று அவர் சொல்லவே இல்லையே என்று நீதிமன்றம் விட்டுவிட்டதாம். இதைக் கதையாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல கதை. அவசர அவசரமாக அதே ஆண்டில் ‘சென்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். சொல் இல்லாத காசு தப்பு அடிப்பு, அரசாங்கம் திரும்ப வாங்கிவிடும், பின்னால் பெரிய விலை போகும் என்று நாடே அதைப் பொத்தி வைத்தது. விளைவு? இன்று அந்த வரிசையிலேயே புத்தம் புதிதாக, மலிவாகக் கிடைப்பது அதுதான். கடலில் உப்பைச் சேமித்தது போல.

1894இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த பத்து சென்ட் வெறும் 24தான் என்று உங்களில் ஒருவர் சொல்லத் துடிப்பது தெரிகிறது. உண்மைதான். நாணயச்சாலைக் கண்காணிப்பாளரின் சிறு மகள் அதில் ஒன்றைக் கொடுத்து ஐஸ்கிரீம் தின்றாள் என்றும் கதை உண்டு. எனக்கு அந்தக் காசின்மேல் பெரிய மோகம் இல்லை. அந்த ஐஸ்கிரீம் கதையை நீக்கிவிட்டால் அது சந்தையையே பார்க்காத காசு. மூன்று சென்ட் வெள்ளி அப்படியல்ல. 1851இல் தபால் கட்டணத்தை மூன்று சென்ட்டாகக் குறைத்தபோது தபால்தலை வாங்குவதற்கென்றே பிறந்தது. எடை ஒரு கிராம்கூட இல்லை. மக்கள் அதை ‘மீன் செதில்’ என்று கேலி செய்தார்கள். உள்ளங்கையில் வைத்து மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் கைவேலை. இந்தியத் தலை சென்ட்டில் பூதக்கண்ணாடியை நெற்றிப் பட்டைமேல் வையுங்கள். அதில் ‘லிபர்ட்டி’ என்று ஏழு எழுத்து. ஏழும் தெரிந்தால் ஓரளவு நல்ல காசு. இன்னும் மேலான காசில் பின்னால் தொங்கும் ரிப்பனில் நான்கு வைர வடிவங்கள் தெளிவாக இருக்கும். 1877 என்றால் உடனே திருப்பிப் பாருங்கள். ‘ஒன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடு எழுத்து, புழக்கத்துக்கு அடித்த உண்மைக் காசில் ஆழமில்லாமல் மங்கி நிற்கும். அழுத்தமாகத் தெரிந்தால், 1875ஐயோ 1879ஐயோ சுரண்டி 1877 ஆக்கியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். கழுகு சென்ட்டில் 1858ஐ 1856 ஆக்குகிற கைகாரர்களும் உண்டு. அங்கே கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஐந்தைப் பாருங்கள். உண்மையான 1856இல் ஐந்தின் நிமிர்ந்த கோடு கீழே உள்ள குமிழின் நடுவை நோக்கும். இன்னொன்று: 19ஆம் நூற்றாண்டு சென்ட் எல்லாமே பிலடெல்பியாவில் அடித்தவை. வேறு ஊரின் அச்சுக்குறி இருந்தால் பணப்பையை மூடிவிடுங்கள்.

காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்கிறோமே, அந்த அளவுகோலைப் பெரிய சென்ட்டுக்காக 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். இந்தத் துறையின் ஆசான். அவர் மறைந்த பிறகு தெரியவந்தது, நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தட்டுகளிலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தன்னுடைய மட்டமான காசுகளை அங்கே வைத்திருக்கிறார் என்று. அளவுகோல் அவருடையதுதானே, எது நல்லது என்று அவருக்குத் தெரியாதா!

சரி, அந்த 1872 காசு இப்போது எங்கே இருக்கிறது? சந்தையில் அதை வாங்கியபோது நல்ல பழுப்பு நிறம், காப்பிக்கொட்டை வறுத்த நிறம். நூற்று இருபது ஆண்டுக் காற்று பூசிய நிறம். ஏழு எழுத்தும் தெரிந்தது. ரிப்பனில் மூன்று வைரம். அந்த வரிசையில் 1872 எளிதில் கிடைக்காத ஆண்டு. வரவேற்பறை மேசையில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்கும்போது, “செம்புக் காசு இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே, நீ பார்க்கவே மாட்டாயா?” என்று சொல்லிக்கொண்டே புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டார். மாலையில் நான் வந்து பார்க்கிறேன், ரோஜா நிறத்தில் ஜொலிக்கிறது. அம்மாவின் முகமும்தான்.

அடுத்த மாதம் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். தேய்த்ததை நிறமே காட்டிக்கொடுத்துவிட்டது; பழைய நிறத்தோடு அதன் மதிப்பும் போயிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ காசு விற்றேன், மாற்றினேன். இதை மட்டும் விற்கவில்லை.

கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா? மெதுவாக மேடைக்கு அனுப்புங்கள். வழக்கமாக விளிம்பில்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்வேன். இதை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம்.