பலப்பம் 249 ரூபாயாம்! மண்ணு, ஐஸு, அரிசி திங்கிற ஆசை பத்தி

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்போடதான் உக்காந்திருக்கேன். டீ டம்ளர் எங்கன்னு தேடுறவங்களுக்கு: இன்னைக்கு டம்ளர் கிடையாது, காரணம் போகப் போகத் தெரியும்.

இதைப் பாருங்க. ஃபோகஸ் ஆகுதா... ஆச்சு. பலப்பம். சில ஊர்ல சிலேட்டுக்குச்சின்னு சொல்வீங்க. "சாப்பிட ஏற்றது, மொறுமொறுப்பானது, இயற்கை மண் வாசனை"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஆன்லைன்ல விக்கிறாங்க. விலை 249 ரூபா. டெலிவரி 40 தனி. இந்தப் பக்கம் இருக்கிறது ஸ்கூல் வாசல் கடையில வாங்கினது, டப்பா 20 ரூபா. ரெண்டும் அதே நீளம், அதே சாம்பல் கலர். உடைக்கிறேன், கேளுங்க. டக். இன்னொண்ணு. டக். அதே சத்தம்! அப்ப கூடுதல் 229 ரூபா எதுக்கு? ஸ்டிக்கருக்கு. நம்ம நாட்டுல பாக்கெட்ல அடைச்சு விக்கிற சாப்பாட்டுப் பொருள்னா உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் 14 இலக்கத்துல இருக்கணும். ஒரு ரூபா கடலைமிட்டாய்ல கூட இருக்கு. இதுல முன்னாடி, பின்னாடி, மூடிக்கு அடியிலன்னு தேடிட்டேன், இல்ல.

வாங்கறவங்களை நான் திட்டலை. விக்கிறவங்களைத்தான். ஏன்னா அந்த ஆசை நாக்கு ருசிக்காக வர்றது இல்ல, பல பேருக்கு உடம்புல இரும்புச்சத்து குறைஞ்சதால வர்றது.

போன ரத்தசோகை வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் எழுதியிருந்தீங்க. "ஊற வெச்ச அரிசியை அள்ளி அள்ளித் திங்கிறேன்", "ஃப்ரீசர்ல ஐஸ் ட்ரே காலியாகிட்டே இருக்கு", "பையன் சுவத்தைச் சுரண்டுறான்". அதுக்குப் பதில் சொல்லி இன்னும் நாலு பேர், "பூச்சி மாத்திரை குடுங்க, சரியாயிடும்". பூச்சிக்கு அப்புறம் வர்றேன்.

இதுக்குப் பேரு பைக்கா. லத்தீன்ல காக்கா இனத்துப் பறவை ஒண்ணோட பேரு, கண்டதையும் கொத்தித் தின்னும்னு அதுக்கொரு பேர் இருந்ததால வந்தது. மனநல மருத்துவர்கள் வெச்சிருக்கிற டிஎஸ்எம்-5ங்கிற நோய்க் கையேட்டுப்படி, சத்தே இல்லாத, உணவே இல்லாத பொருளை ஒரு மாசமாவது தொடர்ந்து தின்னாதான் பைக்கா. 2 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தை எதையும் வாயில வைக்கும், அதுக்கு இந்தப் பேரு வைக்கக் கூடாது. ஊர் வழக்கமா செய்றதையும் சேர்க்கக் கூடாது. கோயில்ல விபூதி வாங்கி நெத்தியில இட்டுட்டு ஒரு சிட்டிகை வாயில போடுறோமே, அது பைக்கா இல்ல. ஒரு பாக்கெட் விபூதி வாங்கி ஒளிச்சு வெச்சு ஸ்பூன்ல திங்கிறோம்னா, அப்பதான் யோசிக்கணும். அரிசியும் ஐசும் கண்டிப்பா பார்த்தா உணவுப் பொருள் மாதிரிதான், ஆனா அடக்க முடியாத அந்த ஆசைக்கும் டாக்டருங்க இதே பேரைத்தான் சொல்வாங்க.

மசக்கையில மண் ஆசை வர்றது நேத்து வந்த கதையில்லை. புறநானூறு 20-ம் பாட்டுல, ஒரு சேர மன்னனைப் பார்த்து, உன் மண்ணை மசக்கை வந்த பொண்ணுங்க ஆசைப்பட்டுத் திங்கிறதைத் தவிர பகைவர் யாரும் உண்ண முடியாதுன்னு புகழ்ந்திருக்காங்க. என்னா உவமை! ஆனா அந்தப் பொண்ணுங்களுக்கு யாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணலை. நமக்கு வசதி இருக்கு, பண்ணலாம்.

என்ன டெஸ்ட்? இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துட்டு "12.2 இருக்கு, நார்மல்"னு வீட்டுக்கு வந்துடுறாங்க. ஃபெரிட்டின்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, உடம்பு சேர்த்து வெச்சிருக்கிற இரும்பு எவ்வளவுன்னு காட்டும். ஹீமோகுளோபின் பர்ஸ்ல இருக்கிற காசு, ஃபெரிட்டின் பேங்க்ல இருக்கிற சேமிப்பு. பேங்க் காலியான அப்புறமும் பர்ஸ் கொஞ்ச நாள் ஓடும். ஐஸ் ஆசை அந்த இடைவெளியிலேயே வரலாம். பெரியவங்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழ, 5 வயசுக்குள்ள குழந்தைக்கு 12-க்குக் கீழ போனா இரும்புச் சேமிப்பு தீர்ந்துடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீங்க, அழற்சி இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும். பலப்பத்துக்கும் டெலிவரிக்கும் போற அந்த 289 ரூபாயை இந்த டெஸ்ட்டுக்கு எடுத்து வைங்க, மிச்சம் கொஞ்சம் போட்டா போதும்.

ஐஸ் ஏன்னு கேட்டீங்க. முழுக்கத் தெளிவான விடை இல்ல. 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு: இரும்புச்சத்து இல்லாதவங்க ஐஸ் மென்னப்போ கவனச் சோதனையில வேகமா பதில் சொன்னாங்க. சத்து சரியா இருந்தவங்களுக்கு ஐசோ தண்ணியோ ஒரு வித்தியாசமும் இல்ல. அதனால மந்தமா இருக்கிற மூளையைத் தட்டி எழுப்புற வேலையை ஐஸ் பண்ணுதோன்னு ஒரு யூகம். சிகிச்சை ஆரம்பிச்சா இந்த ஆசை பல பேருக்குச் சில நாள்லயே, ஹீமோகுளோபின் ஏறுறதுக்கு முன்னாடியே விட்டுப் போயிடும். ஐஸ் பல்லை உடைக்கும், அதைத் தாண்டி பெரிய விஷம் இல்ல.

மண்ணும் பலப்பமும் அப்படி இல்ல. களிமண், முல்தானி மட்டியெல்லாம் குடல்ல இரும்பைப் புடிச்சு வெச்சுக்கும், உடம்புக்குள்ள விடாது. சாக்பீஸ்ல பல வகை கால்சியம்தான், கால்சியமும் இரும்பு உள்ள போறதைத் தடுக்கும். இரும்பு இல்லாம ஆசை வருது, ஆசைப்பட்டுத் தின்னா இருக்கிற இரும்பும் போகுது. செக்கு மாடு கதைதான். களிமண் அதிகமானா பொட்டாசியம் இறங்கி கை கால் சோர்ந்துடும், மலச்சிக்கலும் வரும்.

ஆங், பலப்பம் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். மத்தியப் பிரதேசத்துல மந்த்சோர்னு ஒரு ஊர், பலப்பக் கல்லு அறுக்கிற தொழிலுக்குப் பேர் போனது. அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, அதைச் சுவாசிச்ச தொழிலாளிங்களுக்கு நுரையீரல் நோய் வந்தது மருத்துவ ஆராய்ச்சியில பதிவாகியிருக்கு. திங்கிறதும் சுவாசிக்கிறதும் ஒண்ணு இல்ல, தெரியும். ஆனா "இயற்கை"ன்னு ஸ்டிக்கர் ஒட்டினா என்ன கல்லுன்னு சொல்லணும்ல?

சுவத்தைச் சுரண்டுற பையனோட அம்மா, நீங்க இதைக் கவனமா கேளுங்க. பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். நம்ம நாட்டுல 2017 நவம்பர்ல இருந்துதான் வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு விதி. அதுக்கு முன்னாடி அடிச்ச சுவர், ஜன்னல் கம்பி, பழைய கட்டில், எதுவும் நம்ப முடியாது. குடல்ல இரும்பு உள்ள போற கதவும் ஈயம் போற கதவும் ஒண்ணுதான். இரும்பு குறைஞ்சா உடம்பு அந்தக் கதவை இன்னும் அகலமாத் திறக்கும், ஈயம் ஈசியா நுழையும். ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு டெஸ்ட் கேளுங்க. அமெரிக்காவுல ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 3.5 மைக்ரோகிராம் தாண்டினாலே குழந்தையைக் கண்காணிக்கிறாங்க. சுரண்டின இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க! தூசி பறந்து இன்னும் மோசம். ஈரத்துணியால துடைங்க, பீரோவை நகர்த்தி மறைங்க.

சரி, பூச்சி. மண் தின்னா அதுல இருக்கிற உருண்டைப்புழு முட்டை வயித்துக்குள்ள போகும். கொக்கிப்புழு ரத்தம் குடிச்சு இரும்பைக் குறைக்கும். அதனால பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல், தப்பில்லை: 2 வயசுக்கு மேல 400 மில்லிகிராம், 1 முதல் 2 வயசுக்குப் பாதி. தேசிய குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10, அங்கன்வாடியிலயும் ஸ்கூல்லயும் இலவசமா தர்றாங்க. ஆனா காலியான இரும்பை அந்த மாத்திரை நிரப்பாது. கையில வேப்பெண்ணெய் தடவுறதும் முதுகுல ரெண்டு வைக்கிறதும் நிரப்பாது. பிள்ளை ஒளிஞ்சு திங்கக் கத்துக்கும், அவ்வளவுதான்.

இரும்பு மாத்திரைக்கு வருவோம், டம்ளர் இல்லாத ரகசியமும் இதான். டீ, காபி, பால் மூணும் மாத்திரைக்கு எதிரி. முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் கிட்ட வராதீங்க. மாத்திரையை வெறும் வயித்துல, எலுமிச்சை ஜூஸோடயோ நெல்லிக்காயோடயோ போடுங்க. குமட்டினா சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, விடுறதுக்கு அது மேல். கர்ப்பிணிகளுக்கு அரசு தர்ற சிவப்பு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், தினம் ஒண்ணு, 180 நாள். கூடவே கால்சியம் மாத்திரையும் குடுப்பாங்க, ரெண்டையும் ஒண்ணா முழுங்காதீங்க. நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. மெடிக்கல்ல வாங்கினா அட்டையில "எலிமெண்டல்" எவ்வளவுன்னு பாருங்க. ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மில்லிகிராம்னு பெருசா போட்டிருந்தாலும் உள்ள இரும்பு 65 கிட்டதான்.

மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க. ஹீமோகுளோபின் சரியான அப்புறமும் மூணு மாசம் தொடரணும், அப்பதான் பேங்க் நிரம்பும். தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கிற குடும்பம்னா டெஸ்ட் பார்க்காம இரும்பு தொடாதீங்க. மாத்திரையை உயரத்துல வைங்க, கலர் மிட்டாய்னு குழந்தை பத்து முழுங்கினா உயிருக்கே ஆபத்து.

எல்லாத்துக்கும் இரும்புதான் காரணம்னு நினைச்சுடாதீங்க. ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்கிற பிள்ளைங்களுக்கு டெஸ்ட் எல்லாம் சரியா இருந்தும் பைக்கா இருக்கும். எப்ப திங்கிது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன கிடைச்சுதுன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. மொறுமொறுப்புக்காகன்னா வறுத்த கடலையோ முறுக்கோ, வயசுக்குத் தக்க மாதிரி. சும்மா இருக்கும்போதுன்னா கைக்கு வேலை. கீழ கிடக்கிறதைப் பொறுக்கினா புடுங்காதீங்க, "குடு, இது வாங்கிக்கோ"ன்னு பிடிச்ச திண்பண்டத்தோட மாத்திக்கப் பழக்குங்க. முடி திங்கிற பிள்ளைக்கு வயிறு கட்டி மாதிரி இருந்து வாந்தியும் வந்தா உடனே ஸ்கேன், முடி உருண்டை குடலை அடைச்சிருக்கலாம்.

பட்டன் பேட்டரி முழுங்கினா நோட்டு கீட்டு எல்லாம் தூக்கிப் போடுங்க, நேரா ஆஸ்பத்திரி. ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துடும். 1 வயசு தாண்டின குழந்தை, 12 மணி நேரத்துக்குள்ளன்னா போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு தடவை. தேன் தேடி நேரம் கடத்தாதீங்க. ரெண்டு காந்தம் முழுங்கினாலும் அதே அவசரம்தான்.

ஐயோ, சிரப் பத்தி சொல்லவே இல்ல. இரும்பு சிரப் பல்லைக் கருப்பாக்கும். ஸ்ட்ரால குடிக்க வைங்க, சின்னதுங்கன்னா நாக்குக்குப் பின்னாடி விடுங்க, உடனே வாய் கொப்பளிங்க.

அந்த 249 ரூபா பலப்பத்துக்குக் கீழ ஒரு பொண்ணு கேட்டிருக்கு, "அஞ்சு மாசம் கர்ப்பம், சாப்பிடலாமா?"ன்னு. விக்கிறவங்க பதில்: "எஸ் மேடம், நேச்சுரல்." நான் அதுக்குக் கீழ "ஃபெரிட்டின் டெஸ்ட் எடுங்கம்மா, சிவப்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்"னு போட்டேன். மூணு நாளா "பரிசீலனையில் உள்ளது"ன்னே காட்டுது.